பத்து வினாடியும் ஒரு சின்னச் சக்கரமும்

அத்தியாயம் 5

முதல் மூன்று படங்களும் கன்னங்கரேல் என்று இருந்தன.

“இருட்டுல வந்திருக்கான் மேடம் கொலைகாரன்,” என்றான் சோடாபுட்டி.

“லென்ஸ் மூடியக் கழட்டாம எடுத்திருக்காங்க. அடுத்ததப் பாரு.”

நான்காவது படத்தில் மின்விசிறியின் ஒன்றரை இறக்கை. ஐந்தாவதில் ஒரு கால் கட்டைவிரல். ஆறாவதில் அதே கட்டைவிரல், இம்முறை தெளிவாக. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் உலகத்தை இந்த வரிசையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இருட்டு, விசிறி, கட்டைவிரல். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் வருவார்கள்.

இந்தக் கேமராக்காரிக்கு அதற்கு ஒரு வாரம் கூடக் கிடைக்கவில்லை.

படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவளைத் தராசு என்றுதான் ஊர் அறியும். எடை அளவு ஆய்வாளராக இருபது வருடம் கடை கடையாக ஏறிப் படிக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்தவள். ஒரு பெரிய இடத்துப் படிக்கல்லையும் கவிழ்த்துப் பார்த்ததில் வேலை கவிழ்ந்தது. இப்போது துப்பறிகிறாள். சோடாபுட்டி அவளுடைய உதவியாளன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது மேடமா பீரோவா என்று திட்டு விழுந்த பிறகுதான் அவனுக்கு உறுதியாகும்.

கட்டில் ஓரத்தில் அந்தக் கேமராக்காரியின் மகள் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தொன்று. வெள்ளைச் சட்டை, மூன்று நாளாக அதே சட்டை. இரண்டாவது பொத்தான் மட்டும் நீல நூலில் தைக்கப்பட்டிருந்தது. சோடாபுட்டி அதைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். இது அவன் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதல்ல.

“முதல்ல இருந்து சொல்லும்மா,” என்றாள் தராசு.

“அம்மா ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கற வேலை. இருபது வருஷமா அந்தக் கம்பி ஜன்னல் வழியா நம்பர மட்டும்தான் பார்த்திருக்கா. ஒரு கேமரா வேணும்னு ஆசை. போன வாரம் வாங்கிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலைல மாடியில வச்சு டைமர் சொல்லிக் கொடுத்தேன். பட்டன அழுத்திட்டு ஓடிப்போய் நின்னுக்கோ, பத்து வினாடி இருக்குன்னேன். கவுத்த வாளி மேல கேமராவக் கோணலா வச்சா, நான் சத்தமா எண்ணினேன், அவ ஓடினா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் நான் வேலைக்குப் போயிட்டேன்.”

அன்று மாலை நான்கு மணி வாக்கில் மூன்றாம் மாடிக்கு மேலுள்ள மொட்டைமாடியிலிருந்து அம்மா விழுந்தாள். தண்ணீர்த் தொட்டியின் மேடைமேல் கேமரா உட்கார்ந்திருந்தது. டைமர் போட்டபடியே இருந்தது. அதிலிருந்த அறுபத்திரண்டாவது படம், கடைசிப் படம், இன்ஸ்பெக்டரின் முழுக் கேஸும் ஆகிவிட்டது; அதைப் பிரதியெடுத்துக்கொண்டு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடுப்புயரக் கைப்பிடிச்சுவர். அதன்மேல் ஆளில்லை. பின்னால் வானம். பட்டனை அழுத்தினாள், ஓடினாள், சுவரில் ஏறி உட்காரப் பார்த்தாள், தவறினாள், அவள் இல்லாத இடத்தைக் கேமரா கடமை தவறாமல் படம் எடுத்தது.

“இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஃபைல மூடறாங்களாம்,” என்றாள் மகள். “மூடட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும் மேடம். டைமரா, இல்லையா? டைமர்னா நான்தான். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.”

கதவு தட்டப்படாமலே திறந்தது. கீழ்த்தளத்துப் பெரியப்பா. அவளுடைய இறந்துபோன அப்பாவுக்கு அண்ணன். அறுபதை நெருங்கும் ஆள், இஸ்திரி கலையாத சட்டை. ஒரு கையில் டீ, மறுகையில் மாத்திரை அட்டை. அட்டையைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டி, பஸ் நம்பரைப் படிப்பவரைப் போலப் படித்துவிட்டு ஒன்றைப் பிதுக்கினார்.

“சாப்பிடு கண்ணு. தூக்கம் வரும். நீதான் சொல்லிக் கொடுத்தே, நான் இல்லேங்கல. ஆனா நீ என்ன, வேணும்னா பண்ணே?”

ஆறுதல் சொல்வதில் பல தினுசு உண்டு. இது காயத்தில் விரலை விட்டு ஆழம் எவ்வளவு என்று பார்க்கிற தினுசு.

“அந்தக் கேமராவ நீங்க முன்னாடி பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள் தராசு.

“எங்க பார்த்தேன்மா! இப்படி ஒரு சாமான் வீட்டுல இருக்கறதே போலீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அத எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது.” மகளிடம் திரும்பினார். “இந்த வீடே வேணாம்மா. வித்துட்டுப் போயிடலாம். உங்கம்மாகிட்டயும் ரெண்டு மாசமா இதத்தான் சொல்லிட்டிருந்தேன், எங்க கேட்டா?”

அவர் போனதும் மகள் சொன்னாள். “அம்மாதான் பெரியப்பாவுக்குக் காட்டாத, வீண்செலவுன்னு பேசுவார்னு சொன்னா. போர்வைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தா.”

தராசு படங்களை மறுபடியும் முன்னும் பின்னும் தள்ளினாள். “சோடா, இந்த அறுபத்தொரு படத்துலயும் என்ன ஒத்துமை?”

“எல்லாமே இடது பக்கம் சாஞ்சிருக்கு மேடம். பீரோ சாஞ்சிருக்கு, கதவு சாஞ்சிருக்கு, எதிர்வீட்டுக் கட்டடம் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

“அறுபத்திரண்டாவது?”

“நூல் பிடிச்ச மாதிரி மட்டம்.”

தராசு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். மறுமுனை பொறுமையாகக் கேட்டது, பிறகு சொன்னது: “தொட்டி மேடை மட்டமா இருக்கு. மேல வச்ச கேமராவும் மட்டமாத்தான் இருக்கும். கொத்தனாரக் கைது பண்ணணுமா மேடம்?”

போன் வைக்கப்பட்டது. தராசின் முதல் படிக்கல் இப்படியாகக் குறைவான எடை காட்டியது.

சோடாபுட்டி கேமராவைத் தூக்கி, பின்புறத் திரைக்கு மேலே இருந்த சின்ன ஓட்டையில் கண்ணை வைத்தான். “ரிப்பேர் மேடம் இது. எல்லாம் கலங்கலா இருக்கு.”

“கண்ணாடி போட்டுத்தானே பார்க்கறே?”

“போட்டுக்கிட்டுத்தான். போட்டா என் கண்ணு நல்ல கண்ணு. பாவம், கேமராவுக்குத்தான் யாரோ கண்ணாடி போட மறந்துட்டாங்க.”

“கலங்கலா இருக்காதே,” என்றாள் மகள். மூன்று நாளில் முதல்முறையாக அவள் குரலில் அழுகையல்லாத ஒன்று இருந்தது. “வாங்கின மறுநாள் அம்மாவும் இதேதான் சொன்னா. கடைக்குத் தூக்கிட்டுப் போனா. அவர் ஏதோ பண்ணிச் சரியாக்கிட்டார்.”

தராசு எழுந்துவிட்டாள். “கிளம்பு சோடா.”

“டீ?”

“பெரியப்பா போட்ட டீ. உனக்கு வேணுமா?”

சோடாபுட்டி டம்ளரைப் பார்த்தான். ஏனென்று தெரியாமலே, வேண்டாம் என்று முடிவு செய்தான்.

*

கேமராக் கடை ஒரு ஆள் அகலம், மூன்று ஆள் நீளம். கடைக்காரருக்கு நினைவிருந்தது.

“எப்படி மறக்கும்? புதுசா வாங்கினவங்கள்ல பாதிப் பேர் மறுநாள் சண்டைக்கு வருவாங்க, கேமரா மங்குதுன்னு. ஆனா அந்தம்மா மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தாங்க. நான் ஏதோ கெடுத்துட்டேன் போலன்னு.”

“என்ன பண்ணினீங்க?”

அவர் ஓட்டையைச் சுற்றியிருந்த ரப்பரைக் கட்டைவிரலால் நெம்பிக் கழற்றினார். பக்கவாட்டில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பல்சக்கரம்.

“இது இந்த ஓட்டைக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி. அவங்க அவங்க கண்ணுக்கு ஏத்தாப்ல திருப்பிக்கணும். படம் இதனால கெடாது, பார்க்கற ஆளுக்குத்தான் மங்கும். அந்தம்மாவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி கண்ணுல இடிக்குது, கழட்டிட்டுப் பார்க்கலாமான்னு கேட்டாங்க. மைனஸ் கடைசி வரைக்கும் திருப்பிக் கொடுத்தேன்.” அவர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். “வாசல்ல இருக்க மரத்தப் பார்த்தாங்க. ‘ஐயோ, இலை தனித்தனியா இருக்கு’ன்னு கத்தினாங்க. ரோட்டுல போனவங்க எல்லாம் திரும்பி மரத்தப் பார்த்தாங்க.”

சோடாபுட்டியும் வாசல் மரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“இப்ப சக்கரம் எங்க இருக்கு?” என்றாள் தராசு.

கடைக்காரர் குனிந்தார். நிமிர்ந்தவர் முகம் மாறியிருந்தது. “பிளஸ் பக்கம். கடைசிப் பல்லுக்கு ஒரு பல் முன்னாடி. யார் திருப்பினது?”

“போலீஸ்?”

“போலீஸ் திரையிலதான் படம் பார்க்கும். ஓட்டையில கண்ண வச்சு அவங்களுக்கு என்ன வேலை?”

“தானாத் திரும்பியிருக்குமோ?” என்றான் சோடாபுட்டி. “என் மாமாவோட கடிகாரம் தானா ஓடும். வேணும்கும்போது மட்டும் ஓடாது.”

“ரப்பரக் கழட்டணும் தம்பி, நகத்தால தள்ளணும். வேணும்னு பண்ணாத்தான் ஆகும். அதுலயும் புதுசா வர்றவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. பழகின கைதான் தேடும். அடுத்தவன் வண்டியில ஏறினா முதல்ல கண்ணாடியத் திருப்பி வைக்கறோமே, அந்த மாதிரி. யோசிச்சுச் செய்யறதில்ல. கை செய்யும்.”

“பிளஸ் பக்கம் யார் கண்ணு?”

“தூரத்துல போற பஸ்ஸப் படிக்கும், கையில இருக்க டிக்கெட்டப் படிக்காது. அந்த மாதிரிக் கண்ணு. வயசான கண்ணு.”

சோடாபுட்டி மெதுவாகத் தராசைப் பார்த்தான். “மாத்திரை அட்டை,” என்றான். அவன் ஜோக் சேர்க்காமல் பேசிய இரண்டே சொற்கள் அந்த வாரத்தில் அவைதான்.

“அவர் கேமராவத் தொட்டதே இல்லேன்னார். எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதாம்.” தராசு சக்கரத்தைத் தன் போனில் மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டாள். கடைக்காரரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். “இப்ப இத மறுபடி அந்தம்மா கண்ணுக்கே திருப்பி வைங்க.”

“எதுக்கு மேடம்?”

“கடைக்காரன்கிட்ட உன் தராசு பொய்யான்னு கேட்டா ஒத்துக்க மாட்டான் சோடா. ஒரு கிலோ குடுன்னு கேக்கணும். கை தானா சொல்லும்.”

*

நாலரை மணி. மொட்டைமாடியில் துணிக்கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஃபைலோடு வந்திருந்தார். பெரியப்பா வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, எல்லாப் பக்கத்திலும்: கேமராவை நான் பார்த்ததில்லை, தொட்டதில்லை, அந்த நேரம் கீழே தூங்கிக்கொண்டிருந்தேன். மகள் படிக்கட்டு வாசலில் நின்றாள். மாடிக்குள் காலை வைக்க அவளால் முடியவில்லை.

“ஒரே ஒரு படம் சார்,” என்றாள் தராசு. “அதே இடத்துல இருந்து, அதே மாதிரி. சுவர்கிட்ட ஒரு ஆள் நின்னா எப்படித் தெரியும்னு. ஃபைலோட சேர்த்து மூடிடுங்க.”

“சீக்கிரம்.”

சோடாபுட்டி கேமராவைத் தொட்டி மேடைமேல் வைத்து முதல் படத்தை எடுத்தான். அதில் அவனுடைய விரல் மட்டும் விழுந்தது. இரண்டாவதில் சுவர் இல்லை. மூன்றாவதைக் கையில் தூக்கிவைத்து எடுத்தான்; சுவர் இருந்தது, ஆனால் ஏணி போலச் சாய்ந்து. இதில் நடிப்பு எவ்வளவு, இயற்கை எவ்வளவு என்று தராசுக்கே சந்தேகமாக இருந்தது.

“கோணல்யா,” என்றார் பெரியப்பா, பல்லுக்கு நடுவில்.

“கோணலாத்தான் இருக்கும் சார். சுவரே கோணல்.”

“சுவர் நேராத்தான் இருக்கு!”

“அப்ப உலகம் கோணல்.” அவன் நான்காவதை எடுத்தான். அதில் இன்ஸ்பெக்டரின் காது இருந்தது. “மேடம், இவ்வளவுதான் என்னால முடியும். யாராவது கண்ணு தெரிஞ்சவங்க எடுங்க. நான் வேணா போய் நிக்கறேன்.”

அவன் போய்ச் சுவரோரமாக நின்றான். முதுகுக்குப் பின்னால் மூன்று மாடி வெற்றிடம். அவன் கீழே பார்க்கவில்லை. கண்ணாடி போட்டிருந்ததற்காக முதல்முறையாக வருத்தப்பட்டான்.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட பெரியப்பாவின் கை, ஐந்து மணிக்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும் என்று துடிக்கிற கை, ஒரு நேரான படத்துக்காகக் காத்திருந்தது. காத்திருந்து பார்த்தது. பிறகு பொறுக்க முடியாமல் நீண்டது.

“தள்ளுங்க இப்படி,” என்றார் பெரியப்பா.

குனிந்தார். ஓட்டையில் கண்ணை வைத்தார். புருவம் சுருங்கியது. கண்ணை எடுக்காமலே இடது கை மேலே வந்து ரப்பரை நெம்பிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டது. வலது கட்டைவிரல் நகம் சக்கரத்தைத் தள்ளியது. டிக். டிக். டிக். டிக். ஒரு பல் அதிகம், ஒரு பல் பின்னால். நின்றது. புருவம் தளர்ந்தது.

“தாடைய இறக்குய்யா. ரெண்டு காதும் தெரியணும். கண்ணச் சிமிட்டாத,” என்றார், ஆயிரம் முறை சொன்ன குரலில்.

கிளிக்.

தராசு குனிந்து கேமராவின் திரையைப் பார்த்தாள்.

“நல்லா எடுக்கறீங்க,” என்றாள் தராசு. “எங்க வேலை பார்த்தீங்க?”

“கார்டு ஆபீஸ்ல.”

“என்ன வேலை?”

படிக்கட்டிலிருந்து மகள் சொன்னாள்: “கிளார்க்குன்னு சொல்லுவீங்களே, பெரியப்பா.”

“அடையாள அட்டைக்கு முகத்தப் படம் பிடிக்கற வேலை,” என்றாள் தராசு. “எத்தன வருஷம், முப்பதா? அதான் கோணலாப் பார்த்தா கை அரிக்குது. சரி, அந்த ரப்பர எங்க வச்சீங்க?”

அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. கை எங்கே போகிறது என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

தராசு கேமராவை எடுத்துத் தன் போனுக்குப் பக்கத்தில் பிடித்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். கடைக்காரர் எழுதிய தாளையும் சேர்த்து. “செத்துப்போனவங்க கண்ணுக்கு மைனஸ் கடைசியில வச்சிருந்த சக்கரம் இது. அவங்க விழுந்தப்புறம் பார்த்தா பிளஸ்ல, கடைசிக்கு ஒரு பல் முன்னாடி. நான் மதியம் பழையபடி மாத்தி வச்சேன். இப்ப இவர் திருப்பினது எங்க நிக்குது பாருங்க.”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். ஃபைலை மூடுவதற்காக வைத்திருந்த பேனாவை மெதுவாகச் சட்டையில் செருகிக்கொண்டார்.

“சும்மா… ஒரு நாள் அவ காட்டினா, பார்த்தேன்,” என்றார் பெரியப்பா.

“பார்த்ததில்ல, தொட்டதில்லன்னு இப்பத்தானே எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டீங்க?” இன்ஸ்பெக்டரின் குரல் சன்னமாக இருந்தது.

“அம்மா உங்களுக்குக் காட்டவே இல்ல,” என்றாள் மகள். “போர்வைக்கு அடியில வச்சிருந்தா. செவ்வாய்க்கிழமைதான் முதமுதலா மாடிக்கே எடுத்துட்டு வந்தா.”

பெரியப்பா கைப்பிடிச்சுவரில் கையை ஊன்றினார். ஊன்றிய இடத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“ஒரு கையெழுத்துதான் கேட்டேன்,” என்றார், யாரிடமும் இல்லாமல். “நான் பாட்டுக்குப் பேசறேன், வீட்ட வித்தாத்தான் எல்லாருக்கும் வழின்னு. அவ காதுலயே வாங்கல. அந்த ஓட்டையில கண்ண வச்சுக்கிட்டுத் துணியப் படம் எடுக்கறா. காயப்போட்ட துணிய ஒருத்தி படம் எடுப்பாளா? கேமராவப் பிடுங்கினேன். அவ திருப்பிப் பிடிக்க வந்தா. தள்ளினேன். ஒரே தள்ளு. அவ்வளவுதான்.”

“டைமர்?” என்றாள் தராசு.

அவர் மகளைப் பார்க்கவில்லை. “காலையில ரெண்டு பேரும் எண்ணிச் சிரிச்சது கீழ வரைக்கும் கேட்டுச்சே. அதையே போட்டு வச்சுட்டேன்.”

சுவரோரம் நின்ற சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். எதையும் பார்க்காமலிருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

இன்ஸ்பெக்டர் பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். படிக்கட்டு வாசல் குறுகல். மகள் ஒதுங்கி வழி விட வேண்டியிருந்தது. விட்டாள். தலை குனிந்து கடந்தபோது, மூன்று நாள் பழக்கத்தில் அவர் வாய், “சாப்பிட்டியா கண்ணு?” என்றது. கை மட்டும் தானாகச் செய்வதில்லை போலும்.

காலடிச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது. மகள் மாடிக்குள் ஒரு அடி வைத்தாள்.

“அப்ப டைமர் இல்லையா மேடம்?”

“இல்லம்மா. அந்தப் பட்டன உங்கம்மா அழுத்தவே இல்ல. அழுத்தினப்ப அவங்க இங்க இல்ல.”

அவள் தலையசைத்தாள். அழுவாள் என்று தராசு காத்திருந்தாள். அவள் அழவில்லை. துணிக்கொடியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்:

“அப்ப அந்தச் சுவர் படம் அம்மா எடுத்தது இல்ல.”

“இல்ல.”

“அப்ப அம்மாவோட கடைசிப் படம் எது?”

தராசு பட்டனைப் பின்னோக்கி அழுத்தினாள். சோடாபுட்டி நின்ற படம், காது, ஏணி, விரல், காலிச்சுவர் எல்லாம் ஓடின. அறுபத்தொன்று வந்தது. கேமராவை அவள் கையில் கொடுத்தாள்.

கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை, ஈரம் சொட்டச் சொட்ட. கேமரா சட்டையைக்கூட முழுதாக எடுத்திருக்கவில்லை. மிக அருகில் போய், இரண்டாவது பொத்தானை எடுத்திருந்தது. வெள்ளைப் பொத்தானில் நீல நூல். நூலின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக இருந்தது.

மகளின் விரல் தன் சட்டையில் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

படம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவளும் கழுத்தை இடது பக்கம் சாய்த்து, அது நேராகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.